ஊர் விரியும்போது தெருக்கள் ஏன் முட்டி நிற்கின்றன?

ஒரு நகரம் வளர்கிறது என்றதும் மக்கள்தொகையும் கட்டடங்களும் கடைவீதிகளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த நகரத்தில் அடுத்த பல தலைமுறைகள் எப்படி நடமாடப்போகின்றன என்பது, ஒரு பொட்டல் காட்டில் முதன்முதலாக மனைக்கல் ஊன்றும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அன்று எந்தத் தெரு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, பக்கத்து நிலத்தின் தெருவோடு அது சேருகிறதா, சுவரில் முட்டி நின்றுவிடுகிறதா என்பவையே பின்னால் வரும் பல வசதிகளுக்கும் தொல்லைகளுக்கும் காரணமாகின்றன. நகர ஆய்வாளர்கள் இதனைத் தெரு இணைப்பு என்கிறார்கள். ஊர் தன் தேவைக்கு மேல் நிலத்தை விழுங்கிக்கொண்டு நாலாபக்கமும் சிதறலாகப் பரவுவதை நகரப் பரவல் என்கிறார்கள். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. இவற்றைப் புரிந்துகொள்ளச் செட்டிநாடு மிகவும் பொருத்தமான இடம். நேர்கோட்டு வீதிகள் கொண்ட பழைய ஊர்களையும், நெடுஞ்சாலை ஓரத்தில் நாள்தோறும் முளைக்கும் புதிய மனைப்பிரிவுகளையும் இங்கே சில கிலோமீட்டர் இடைவெளியில் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

தெரு இணைப்பை அளப்பதற்கு ஊரை ஒரு கோட்டுப்படமாகச் சுருக்கிக்கொள்ள வேண்டும். தெருக்கள் சந்திக்கும் இடங்களைப் புள்ளிகளாகவும், இரண்டு சந்திகளுக்கு இடைப்பட்ட தெருத் துண்டுகளைக் கோடுகளாகவும் வரைந்தால் போதும். வீடுகளும் மரங்களும் தேவையில்லை. கணித மேதை ஆய்லர் 1736-இல் கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை மட்டுமே கடந்து சுற்றிவர முடியுமா என்ற புதிருக்கு விடை கண்டது இந்த முறையில்தான். இப்படி வரைந்த படத்தில் ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை கோடுகள் சேருகின்றன என்று எண்ணலாம். நாற்சந்தியில் நான்கு, முச்சந்தியில் மூன்று, முட்டுச்சந்தின் முனையில் ஒன்று. நாற்சந்திகள் மிகுந்த பகுதி நன்றாக இணைந்த பகுதி. முட்டுச்சந்துகள் மிகுந்தது இணைப்பு அறுந்த பகுதி. இதைவிட எளிய அளவுகோல் இத்துறையில் வேறில்லை.

ஒரு சிறிய கணக்கு இதனை விளக்கிவிடும். ஒரு தாளில் வரிசைக்கு நான்காக, நான்கு வரிசைகளில், மொத்தம் 16 புள்ளிகள் இடுங்கள். அடுத்தடுத்த புள்ளிகளைக் குறுக்காகவும் நெடுக்காகவும் இணைத்தால் 24 தெருத் துண்டுகள் கிடைக்கும். இந்தக் கட்டத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சுற்றாமல் செல்வதற்கு 20 வெவ்வேறு வழிகள் உள்ளன. இப்போது மேலே உள்ள மூன்று குறுக்குத் தெருக்களையும் அழித்துவிட்டு, கீழே உள்ள ஒன்றை மட்டும் பிரதான சாலையாக விட்டுவிடுங்கள். எஞ்சுபவை 15 துண்டுகள். படம் ஒரு சீப்பைப் போலாகிவிடும்: ஒரே சாலை, அதிலிருந்து மேல்நோக்கிச் சென்று முட்டி நிற்கும் நான்கு தெருக்கள். முன்பு ஒரு துண்டு நடந்தால் சேர்ந்துவிடக்கூடிய அடுத்த தெருவின் மேல்முனைக்கு, இப்போது மூன்று துண்டு இறங்கி, ஒன்று நடந்து, மீண்டும் மூன்று ஏறி, ஏழு துண்டு நடக்க வேண்டும். எந்த இரண்டு இடங்களுக்கு இடையிலும் இப்போது ஒரே ஒரு வழிதான். அந்த வழியில் ஒரு குழி தோண்டினாலோ ஒரு பந்தல் போட்டாலோ உள்ளே இருப்பவர் உள்ளேயேதான் இருக்க வேண்டும். இழந்தவை ஒன்பது சிறு துண்டுகள்தான் என்றாலும் நடமாட்டம் அடியோடு மாறிவிட்டது. புதிதாக எத்தனை தெரு போட்டோம் என்ற கணக்கைவிட, எவை எவற்றோடு சேருகின்றன என்ற கணக்கே முதன்மையானது என்று நான் கருதுவது இதனால்தான்.

இன்னொரு அளவுகோலும் உண்டு. இரண்டு இடங்களுக்கு இடையில் காகம் நேர்கோட்டில் பறக்கும் தூரத்தையும், தெரு வழியே நடக்கும் தூரத்தையும் ஒப்பிடுவது அது. சரியான கட்டமைப்புக் கொண்ட ஊரில் நடக்கும் தூரம், பறக்கும் தூரத்தைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கைத் தாண்டாது. முட்டுச்சந்துகள் மிகுந்த ஊரில் அது பத்து மடங்கையும் தாண்டக்கூடும்.

இனிச் செட்டிநாட்டின் பழைய ஊர்களுக்கு வருவோம். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை போன்ற ஊர்களில் நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளின் அழகைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஆத்தங்குடித் தளக்கற்களும் பர்மாத் தேக்குத் தூண்களும் எல்லோருக்கும் தெரியும். வீடுகளுக்கு வெளியே இருக்கும் வீதியமைப்புக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. அங்கே வீதிகள் ஒன்றுக்கொன்று இணையாக நேர்கோட்டில் ஓடுகின்றன. குறுக்கு வீதிகள் அவற்றைக் கட்டங்களாக வெட்டுகின்றன. பெரிய வீடுகளில் பல, ஒரு வீதியில் தொடங்கி அடுத்த வீதியில் முடிகின்றன. முகப்பு ஒரு வீதியைப் பார்த்திருக்கும். உள்ளே வளவு என்னும் முற்றம் சூழ்ந்த பகுதி, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்ப் பின்வாசல் அடுத்த வீதியில் திறக்கும். தெருப் படத்தை வரைபவரின் கண்ணோடு பார்த்தால் இதன் பொருள் பெரியது. இரண்டு வீதிகளுக்கு நடுவே உள்ள நிலத்தின் ஆழம் ஒரு வீட்டின் ஆழம்தான். வீட்டுக்குப் பின்னால் இன்னொரு வீடு, அதற்கும் பின்னால் ஒரு சந்து, அந்தச் சந்துக்குள் ஒரு முட்டு என்ற நிலைக்கே அங்கே இடமில்லை. வீட்டின் வடிவமே வீதிகளை இணையாக வைத்திருக்கிறது.

அந்த வீதிகள் நீரையும் மனத்தில் கொண்டவை. மழை குறைந்த இந்த வட்டாரத்தில் கூரையில் விழும் நீர் வளவு முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியாக வீதியோரம் வந்து, ஊருணிக்கோ கண்மாய்க்கோ போய்ச் சேரும்படி பல ஊர்களில் அமைத்திருந்தார்கள். வீதி தடையின்றி ஓடினால்தான் நீரும் ஓடும். 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாடு இடம்பெற்றபோது தனி ஒரு மாளிகையின் பெயரில் இடம்பெறவில்லை. வணிகர்களின் ஊர்த் தொகுதி என்ற வகையில் வீடும் வீதியும் ஊருணியும் சேர்ந்தே இடம்பெற்றன. அந்தப் பார்வை சரியானது.

இவ்வாறு அமைந்ததற்குக் காரணம், நிலத்தைப் பற்றிய முடிவு ஓர் இடத்தில் எடுக்கப்பட்டதுதான். கோயிலையும் ஊருணியையும் வைத்து ஒரு சமூகம் தன் ஊரை ஒட்டுமொத்தமாகத் திட்டமிட்டபோது, வீதி யாருடைய நிலத்தில் முடிகிறது என்ற கேள்வி எழவில்லை. காரைக்குடி நகரம் விரிந்தபோதும் இந்தப் பழக்கம் சிலகாலம் தொடர்ந்தது. சுப்பிரமணியபுரத்தில் தெருக்கள் எண்ணிட்டு வரிசையாக இருப்பதை அங்கே முகவரி தேடிப் போன எவரும் அறிவார். மூன்றாம் வீதிக்குப் பிறகு நான்காம் வீதி வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடிகிற ஊரில், புதியவரும் வழி கேட்காமல் நடக்கலாம்.

காரைக்குடி 1928-இல் நகராட்சியாயிற்று. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். அவர் தொடங்கிய கல்லூரிகளைத் தொடர்ந்து 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் 1,06,714 பேர் இருந்தனர். 2024-இல் சுற்றியுள்ள பேரூராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு காரைக்குடி மாநகராட்சியாகியது. நிர்வாக எல்லை இப்படி விரிவதற்கு முன்பே வீடுகள் வெளியே போய்விட்டன. நம் நாட்டில் எங்கும் இதுதான் வழக்கம். எல்லை வருவதற்குள் தெருக்கள் போடப்பட்டுவிடுகின்றன என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

அந்தத் தெருக்கள் எப்படிப் போடப்படுகின்றன? நெடுஞ்சாலையை ஒட்டி ஒருவர் ஐந்து ஏக்கர் வாங்குகிறார். அந்த நிலத்தின் வடிவம், பழைய சர்வே எண்களின் எல்லைப்படி, நீளமாகவோ கோணலாகவோ இருக்கும். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே ஒரு சாலை, அதன் இருபுறமும் கிளைச் சாலைகள், அவற்றின் இருபுறமும் மூன்று சென்ட், நான்கு சென்ட் மனைகள். கிளைச் சாலை நில எல்லை வரை போய் நின்றுவிடும். சில ஆண்டுகள் கழித்துப் பக்கத்து நிலத்தை வேறொருவர் வாங்கி அவரும் அவ்வாறே செய்வார். இருவரும் நெடுஞ்சாலையோடு சேருகிறார்கள், ஒருவரோடொருவர் சேருவதில்லை. விற்பவருக்கு அதில் ஆதாயம் ஒன்றுமில்லை. பக்கத்து மனைப்பிரிவுக்காரர் தம் சாலையைப் பயன்படுத்திக்கொள்வாரே என்ற தயக்கம் வேறு. எனவே எல்லையில் ஒரு காம்பவுண்டுச் சுவர் எழும்பும். நாம் முன்பு தாளில் வரைந்த சீப்புகள் இப்படித்தான் நெடுஞ்சாலை ஓரமாக ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். அடுத்தடுத்த இரண்டு மனைப்பிரிவுகளில் இரண்டு குடும்பங்கள் குடியிருக்கின்றன. இரண்டு வீடுகளுக்கும் பொதுவாக நடுவே இருப்பது ஒரே சுவர். வாசலிலிருந்து வாசலுக்கு நேர்கோட்டில் 40 மீட்டர். ஆனால் இந்த வீட்டிலிருந்து நெடுஞ்சாலைக்கு 400 மீட்டர், நெடுஞ்சாலையில் 200 மீட்டர், மீண்டும் உள்ளே 400 மீட்டர் என்று ஒரு கிலோமீட்டர் போனால்தான் அந்த வீட்டை அடையலாம். இருபத்தைந்து மடங்கு. அந்த வீட்டில் ஒரு டியூஷன் ஆசிரியை இருந்தால் இந்த வீட்டுப் பிள்ளை தனியாக நடந்து போய்ப் படிக்க முடியாது, ஏனெனில் லாரி ஓடும் நெடுஞ்சாலையில் 200 மீட்டர் நடந்தாக வேண்டும். அப்பா இருசக்கர வாகனத்தில் கொண்டுபோய் விட்டு, மறுபடி போய் அழைத்து வருவார். முன்பு யாருக்கும் வேலை வைக்காத ஒரு சிறு நடை, இப்போது நான்கு பயணங்களாகிறது. அந்த நான்கும் நெடுஞ்சாலையில்தான் போய்ச் சேருகின்றன. நெடுஞ்சாலை நெரிசலாகிறது, அகலப்படுத்த வேண்டும் என்கிறோம், அகலப்படுத்தியதும் அதன் ஓரத்தில் மேலும் மனைப்பிரிவுகள் முளைக்கின்றன.

நகரம் வளர வளர இணைப்பு குறைவதற்கு விற்பவரின் தயக்கம் மட்டும் காரணமன்று. எல்லோரும் நடந்த காலத்தில் சுற்றுவழியின் வலி கால்களுக்குத் தெரிந்தது. வண்டி வந்த பிறகு அந்த வலி தெரியவில்லை. ஊர் வெளியே போகப் போகக் கண்மாய்க் கரை, ரயில் பாதை, புறவழிச் சாலை, பெரிய கல்வி வளாகங்கள் ஆகியவை தெருக்களைக் குறுக்கே மறிக்கின்றன. ‘பாதுகாப்பான வேலியிட்ட குடியிருப்பு’ என்பது விளம்பரத்தில் நன்றாக விலை போகிறது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. வண்டிப் போக்குவரத்திலிருந்து குழந்தைகளைக் காக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு, அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1929-இல் ராட்பர்ன் என்னும் குடியிருப்பு முட்டுத் தெருக்களோடு அமைக்கப்பட்டது. அதில் வீடுகளின் மறுபுறம் நடப்பவர்களுக்கென்று தனிப் பாதைகளும் இருந்தன. அடுத்து வந்த பத்தாண்டுகளில் அந்நாட்டின் வீட்டுக் கடன் உத்தரவாத அமைப்பு முட்டுத் தெருக்களைப் பரிந்துரைத்தபோது, முட்டுத் தெரு நாடெங்கும் பரவியது; நடைபாதை பல இடங்களில் விட்டுப்போயிற்று. பாரிங்டன் லீ, மில்லர்ட் பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டபடி, அங்கே புதிதாகப் போடப்பட்ட தெருக்களின் இணைப்பு இருபதாம் நூற்றாண்டு முழுவதும் குறைந்துகொண்டே வந்து, 1990-களின் நடுவில் அடிமட்டத்தைத் தொட்டு, அதன் பின்னர் மெல்ல மேலேறத் தொடங்கியது. அவர்களே ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தைக் கொண்டு உலகம் முழுவதையும் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவு இன்னும் கவலை தருவது: 1975 முதல் உலகில் போடப்பட்டுவரும் புதிய தெருக்கள் ஒட்டுமொத்தமாக மேலும் மேலும் இணைப்பை இழந்துகொண்டிருக்கின்றன. ஆயினும் ஜப்பான், தென் கொரியா, அர்ஜென்டினா போன்ற நாடுகளில் வளர்ச்சிக்கு இடையிலும் இணைந்த தெருக்களே தொடர்கின்றன. எனவே வளர்ந்தால் இணைப்பு அறுந்தே தீரும் என்பது விதியன்று.

தெருப் படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது நிலக் கணக்கு. ஒரு நகரத்தின் நிலப்பரப்பு என்ன வேகத்தில் கூடுகிறது, மக்கள்தொகை என்ன வேகத்தில் கூடுகிறது என்று ஒப்பிடுவதை ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒரு குறியீடாகவே வைத்திருக்கிறார்கள். மக்கள் இரண்டு மடங்காகும்போது நிலம் மூன்று மடங்கானால் அந்த ஊர் சிதறிப் பரவுகிறது என்று பொருள். செட்டிநாட்டில் இது இரண்டு முனைகளிலும் நடக்கிறது. ஊரின் நடுவே, பல பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. குடும்பங்கள் சென்னையிலும் வெளிநாடுகளிலும் இருக்கின்றன, திருமணத்துக்கும், முன்னோரை வணங்கும் படைப்புக்கும் மட்டுமே கதவு திறக்கிறது. ஊரின் வெளியே, முதலீட்டுக்காக வாங்கிப் போட்ட மனைகள் கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. நன்றாக இணைந்த வீதிகளில் ஆள் குறைவு; ஆள் குடியேறும் இடத்தில் இணைந்த வீதிகள் இல்லை. இந்தப் பொருத்தமின்மையே இந்த வட்டாரத்தின் நகரப் பரவலுக்குரிய தனித்தன்மை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதன் செலவை ஊர் முழுவதும் சுமக்கிறது. மினி பஸ் ஒரு முட்டுத் தெருவுக்குள் நுழைந்தால் வந்த வழியே திரும்ப வேண்டும் என்பதால் அது நெடுஞ்சாலையிலேயே நின்றுவிடுகிறது. குப்பை வண்டி பின்னோக்கியே வெளியேற வேண்டியிருக்கிறது. குடிநீர்க் குழாய் தெருவைப் பின்பற்றியே செல்வதால், தெரு முட்டும் இடத்தில் குழாயும் முட்டுகிறது. இரண்டு பக்கமும் இணைந்த குழாயில் நீர் சுற்றி ஓடும். முட்டிய குழாயின் முனையில் நீர் தேங்கும், அழுத்தம் குறையும், ஓரிடத்தில் உடைந்தால் அதற்கு அப்பால் உள்ள எல்லா வீட்டுக்கும் நீர் நிற்கும். வடக்கிலிருந்து தெற்கே சரியும் நிலத்தில் கிழக்கு மேற்காக எழுப்பிய ஒரு எல்லைச் சுவர், கண்மாய்க்குப் போகும் வரத்துக்காலையும் மறித்துவிடும். ஐப்பசி மழையில் புதிய மனைப்பிரிவுகளில் முழங்காலளவு நீர் நிற்பதற்கு வடிகால் இல்லாமை மட்டும் காரணமன்று.

முட்டுத் தெருவை விரும்புபவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அங்கே வேற்று வண்டிகள் வருவதில்லை; பிள்ளைகள் தெருவில் விளையாடலாம். இந்த விருப்பத்தைப் புறந்தள்ளக்கூடாது. ஆனால் வேகமாக ஓடும் வண்டியைத் தடுப்பதும் நடக்கும் மனிதரைத் தடுப்பதும் வெவ்வேறு செயல்கள். தெரு முனையில் இரண்டு கல் தூண்களை நட்டு, வண்டியை நிறுத்திவிட்டு, நடப்பவரையும் மிதிவண்டியையும் விடலாம். ராட்பர்னில் முதலில் நினைத்தது இதைத்தான். முழுச் சுவருக்கு அந்த நியாயம் கிடையாது.

இதில் அவசரம் காட்ட வேண்டியதன் காரணம், தெருக்கோடு எளிதில் மாறுவதில்லை என்பதுதான். 1666-ஆம் ஆண்டுத் தீயில் லண்டனின் மையப்பகுதி எரிந்துபோனபோது கிறிஸ்டோபர் ரென் அகலமான புதிய வீதிகளுக்குத் திட்டம் வரைந்து கொடுத்தார். எரிந்த மனைகளுக்கு உரிமையாளர்கள் இருந்தார்கள். நகரம் பெரும்பாலும் பழைய தெருக்கோடுகளின் மேலேயே மீண்டும் எழுந்தது. செட்டிநாட்டிலும் இதே உண்மையைக் காணலாம். பராமரிக்க முடியாத வீடுகள் பிரிக்கப்பட்டு, அவற்றின் கதவுகளும் தூண்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிட்டன. வீடு போன இடத்தில் வீதி அப்படியே இருக்கிறது. நல்ல வீதி நிலைப்பதுபோலவே முட்டுச் சந்தும் நிலைத்துவிடும்.

ஆகவே கேள்வி கேட்க வேண்டிய நேரம் மனைக்கல் ஊன்றும் முன்புதான். தமிழ்நாட்டில் ஒரு மனைப்பிரிவுக்கு ஒப்புதல் பெறும்போது அதன் சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு விளக்கும் வடிகாலும் பராமரிப்பும் மக்கள் பணத்தில் நடப்பவை. பராமரிக்கப்போகிறவர், சாலை எங்கே முடிய வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதில் தவறேதுமில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 2009-இல் இதைச் செய்தது: பக்கத்துப் பகுதியோடு இணையாத புதிய குடியிருப்புகளின் தெருக்களை மாநிலப் பராமரிப்பில் ஏற்பதில்லை என்றது. இன்னும் அடிப்படையான வழி குஜராத்தில் இருக்கிறது. 1915-ஆம் ஆண்டு பம்பாய் நகரமைப்புச் சட்டத்திலிருந்து வளர்ந்த முறை அது. ஒரு பகுதியின் நிலங்களை எல்லாம் ஒரே படத்தில் சேர்த்து, ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பங்கை எடுத்துத் தொடர்ச்சியான தெருக்களைப் போட்டுவிட்டு, ஒழுங்கான வடிவில் மனைகளை உரியவர்களுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். அகமதாபாத்தின் பெரும்பகுதி இப்படி விரிந்தது. பழைய நகரத்தார் ஊர்களில் ஒரு சமூகத்தின் ஒற்றுமையால் கிடைத்த பயனை, அங்கே சட்டத்தின் வழியாகப் பெறுகிறார்கள். புதிய மாநகராட்சியான காரைக்குடி இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மனை வாங்குபவருக்கும் இதில் பங்கு உண்டு. ஒப்புதல் பெற்ற படத்தைக் கையில் வாங்கியதும் மனை எண்ணைத் தேடுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு சாலையும் நில எல்லை வரை வெட்டவெளியாகப் போகிறதா, எல்லைக்கு முன்பே ஒரு மனை குறுக்கே விழுகிறதா என்று பாருங்கள். பக்கத்துச் சர்வே எண்ணின் புலப்படத்தையும் (நில அளவைப் படம்) எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு சாலைகளும் நேர்க்கு நேர் வருமானால் நாளை அவற்றை இணைக்கலாம். பத்தடி விலகினால்கூட இணைப்பது கடினம்.

ஏற்கெனவே முட்டிப்போன இடங்களுக்கும் வழி இருக்கிறது. தெருவின் முனையில், தெருவையே நேராகப் பார்த்தபடி இருக்கும் மனையைத் தெருக்குத்து என்று சொல்லி நம்மவர்கள் வாங்கத் தயங்குவார்கள். அதனால் மனைப்பிரிவில் கடைசி வரை விற்காமல், விலை குறைந்து கிடப்பது பெரும்பாலும் அதுவே. தெருவை நீட்டுவதற்குச் சரியாகத் தேவைப்படும் நிலமும் அதுவேதான். உள்ளாட்சியோ குடியிருப்போர் சங்கமோ அந்த மூன்று சென்ட் மனையை வாங்கி, அதில் பத்தடி அகலத்துக்கு நடைபாதையை விட்டு, மீதியில் நாலு மரத்தை நட்டு, பின் சுவரைத் திறந்துவிட்டால் போதும். நெடுஞ்சாலை வழியாக ஒரு கிலோமீட்டர் சுற்றிப்போன பிள்ளை, சில நிமிடங்களில் டியூஷன் வீட்டுக்குத் தானே நடந்து போய்விடும்.